பிரேக் பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

திருவள்ளூர் மணவாள நகரை ஒட்டியுள்ள அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலை இருந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தோடு சேர்ந்து 1998-ல் லான்சர் கார் அங்கிருந்து விற்பனைக்கு வந்தது. பிறகு பஜேரோ, சீடியா போன்ற வண்டிகளும் வந்தன. இன்று அந்த ஆலை கைமாறி, சிட்ரோயன் கார்கள் தயாராகும் இடமாகிவிட்டது.

ஆலை மாறினாலும் அந்தப் பழைய வண்டிகள் இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. உள்ளூரிலேயே செய்த காருக்கு பிரேக் டிஸ்க் கேட்டால், "அது இப்போ வர்றதில்லீங்க, வெளிநாட்டுல இருந்துதான் வரவழைக்கணும்" என்று கடையில் பதில் வருகிறது. 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்திய செவர்லே, 2021 செப்டம்பரில் இங்கு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டு போன்ற நிறுவனங்களின் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சில பாகங்களில் இதே தேடல்தான்.

செல்போனில் தேடினால் ஜப்பான், துபாய், தாய்லாந்து, ஆஸ்திரேலியா என எங்கிருந்தும் விற்பனையாளர்கள் கிடைப்பார்கள். ஆனால் இது செல்போன் உறை வாங்குவது போல இல்லை. தப்பான பாகம் வந்தால் பணம் மட்டும் போகாது, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமலும் போகலாம்.

முதலில் எண், அப்புறம்தான் கடை

"லான்சருக்கு பிரேக் பேட் வேணும்" என்று கேட்பது பாதிக் கேள்விதான். அதே லான்சரில் 1.5 லிட்டர் பெட்ரோலும் உண்டு, 2.0 லிட்டர் டீசலும் உண்டு. எஞ்சின், ஆண்டு, ஏ.பி.எஸ். உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து பிரேக் பாகம் மாறலாம். அதனால் மூன்று விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சேசிஸ் எண்: ஆர்.சி.யில் இருக்கும். டிஜிலாக்கர் செயலியில் ஆர்.சி.யை எடுத்தும் பார்க்கலாம். பொதுவாக 17 எழுத்தும் எண்ணும் கொண்டது.

2. பாக எண்: கழற்றிய பழைய பாகத்தின் பின்தகட்டிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். துடைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. அளவுகள்: டிஸ்க் என்றால் விட்டம், தடிமன், உயரம், நடுத்துளை, போல்ட் துளைகளின் எண்ணிக்கை. பேட் என்றால் நீளம், அகலம், தடிமன். கேலிப்பர் என்றால் பிஸ்டனின் விட்டம்.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கார்களுக்கு 17 இலக்க எண் கிடையாது, குறுகிய எண்தான். அங்குள்ள விற்பனையாளரிடம் நம் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அது பொருந்தாமல் போகலாம். அப்போது பாக எண்ணும் அளவுகளும்தான் கைகொடுக்கும்.

வெளிநாட்டில்தான் கிடைக்குமா?

பாக எண் கையில் வந்தபின் ஒருமுறை உள்ளூரிலும் தேடிவிடுங்கள். ஒரே பேட் பல கம்பெனிக் கார்களுக்குப் பொருந்துவது உண்டு. கடைக்காரர் கார் பெயரை வைத்து "இல்லை" என்றிருக்கலாம், எண்ணைக் காட்டினால் வேறு பெட்டியிலிருந்து எடுத்துத் தரலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் இதற்குப் பழக்கமானவை. பாடி, அம்பத்தூர் பகுதிகள் பல பத்தாண்டுகளாக பிரேக் பாகங்கள் தயாராகும் இடங்கள். பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-லேயே பாடியில் தொடங்கியது.

கேலிப்பர் இறுகிவிட்டது என்றால் முழுக் கேலிப்பரே வேண்டும் என்பதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கிட் மட்டும் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பிரேக் ஆயிலுக்கு வெளிநாடு போகவே வேண்டாம். வண்டிக் கையேட்டில் சொன்ன தரத்தில் இங்கேயே கிடைக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

பாக எண் தெரியும்படி உண்மையான பொருளின் போட்டோ கேளுங்கள். விளம்பரப் படத்தை மட்டும் அனுப்புபவரிடம் வாங்க வேண்டாம். ஐரோப்பியத் தரச் சோதனை பெற்ற பேட்களில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் '90ஆர்' என்ற குறியும் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான பேட்களின் விளிம்பில் 'எஃப்.எஃப்.', 'ஜி.ஜி.' போல இரண்டு எழுத்துகள் இருக்கும். அவை உராய்வின் அளவைக் குறிப்பவை. இந்தக் குறிகள் எதுவுமே இல்லாத, கம்பெனிப் பெயரும் தெரியாத பேட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

இடது பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளிலிருந்து வாங்கினால் இன்னொரு கவனமும் தேவை. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பிரேக் பைப் ஆகியவற்றின் அமைப்பு நம் வண்டிக்கு மாறியிருக்கலாம்.

சுங்க வரிக் கணக்கு

விலையைப் பார்த்து "இங்கத்த விலையை விட கம்மிதானே" என்று நினைக்க வேண்டாம். பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்த்துத்தான் சுங்க மதிப்பு. பாகம் 8,000 ரூபாய், அனுப்பும் கட்டணம் 3,000 ரூபாய் என்றால் வரிக் கணக்கு 11,000 ரூபாயிலிருந்து தொடங்கும். அதன்மேல் சுங்க வரி, இரண்டையும் சேர்த்த தொகையின்மேல் ஐ.ஜி.எஸ்.டி., பிறகு கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணம்.

பிரேக் பாகங்களுக்கான சுங்கத் தலைப்பு எண் 8708 30. சொந்தப் பயன்பாட்டுக்காகத் தபாலிலோ கூரியரிலோ வருபவற்றுக்கு 9804 என்ற தனித் தலைப்பு உண்டு. எந்தத் தலைப்பில் தாக்கல் செய்வார்கள் என்று கூரியர் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது. அன்றைய விகிதத்தை ஐஸ்கேட் என்ற சுங்கத்துறை இணையதளத்தில் பார்க்கலாம்.

சொந்த வண்டிக்கு வாங்குபவருக்கு இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. கூரியர் நிறுவனம் கேட்கும் அடையாள ஆவணம் போதும். மெக்கானிக்குகளும் கடைக்காரர்களும் விற்பனைக்காக வரவழைத்தால் அந்த எண் கட்டாயம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம்.

இந்த இரண்டு யோசனைகளை ஏற்காதீர்கள்

"கிஃப்ட்னு எழுதி அனுப்பிடறேன், வரி வராது" என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். 2019 டிசம்பர் முதல் தபாலிலும் கூரியரிலும் பரிசு என்ற பெயரில் பொருள் இறக்குமதி செய்யத் தடை உள்ளது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. பார்சல் சிக்கினால் சிக்கல் உங்களுக்குத்தான்.

"யூஸ்டு கேலிப்பர் இருக்கு, பாதி விலை" என்பது இரண்டாவது. பயன்படுத்திய பொருட்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எந்த விபத்து வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத பிரேக் பாகத்தை நம்பி குடும்பத்தோடு பயணிக்க முடியுமா?

பணமும் மோசடியும்

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, வரம்பைத் தேவையான தொகைக்கு மட்டும் வையுங்கள். வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். தனிநபர் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். அட்டை மூலமோ, வாங்குபவருக்குப் பாதுகாப்பு தரும் விற்பனைத் தளம் மூலமோ கட்டினால்தான் பின்னால் முறையிட வழி இருக்கும்.

பார்சல் வரும் நாட்களில் "கஸ்டம்ஸ் ஆபீசர் பேசறேன், பார்சல் நிக்குது, உடனே பணம் போடுங்க" என்று அழைப்பு வரலாம். சுங்கத்துறை தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. துறையின் கடிதங்களில் 'டின்' எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். அது உண்மையா என்பதை மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இந்தியாவில் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு இணையத் தளங்களுக்கும் 2020-ன் மின்வணிக விதிகள் பொருந்தும். ஆனால் முகவரியே தெரியாத ஒரு தனி விற்பனையாளரைப் பிடிப்பது நடைமுறையில் கடினம். அதனால்தான் எல்லாச் சோதனையும் பணம் கட்டும் முன்பே முடிய வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில்

வெளிநாட்டுப் பார்சல் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டியை ஓட்டலாமா என்பதை மெக்கானிக் அளந்து சொல்லட்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே மி.மீ. அளவில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தாலோ வண்டியை நிறுத்திவிடுங்கள். "மெதுவா ஓட்டிக்கலாம்" என்பது பிரேக் விஷயத்தில் செல்லாது. குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு நம் பேட் தேய்ந்தது தெரியாது.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பழைய பாகத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பொருத்தச் சொல்லுங்கள். பேட், டிஸ்க் இரண்டையும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரசீதையும் சுங்க வரி கட்டிய சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பாக எண்ணை ஆர்.சி. நகலின் பின்பக்கம் எழுதி வைத்தால் அடுத்த முறை தேடல் பாதியாகக் குறையும்.