சோலைவரியும் கற்பனை வாடகைக்காரரும்

உள்ளூராட்சி மன்றங்கள் வீடுவளவுகள் மீது விதிக்கும் வரி பேச்சு வழக்கிலே சோலைவரி என்றும், உத்தியோக ஆவணங்களில் ஆதனவரி அல்லது மதிப்பீட்டு வரி என்றும் வழங்கும். தெருவிளக்கு, வடிகால், குப்பையகற்றல், நூலகம் முதலான பொதுத் தேவைகளுக்கு இவ்வரியிலிருந்தும் பணம் வருகின்றது. புதிய மதிப்பீட்டு அறிவித்தல் கைக்குக் கிடைத்ததும், தொகை உயர்ந்துவிட்டதெனக் கவலையுறும் வீட்டுக்காரர் அதனை எதிர்த்து எழுதுகிறார். அவ்வாறு எழுதப்படுவனவற்றுள் பல பயன்தராது போகின்றன. இதற்கான காரணத்தை அதிகாரிகளின் மனப்பாங்கில் மாத்திரம் தேடுதல் போதாது. வரிக்கு அடிப்படையான கருத்துருவையும், அதனை எதிர்கொள்ளும் எழுத்தின் வகையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, வரி விதிக்கப்படுவது வீட்டின் ஆண்டுப் பெறுமதி மீதாகும். ஆண்டுப் பெறுமதி என்பது யாது? பொது வரிகளை வாடகைக்காரரும், திருத்தம் பராமரிப்புச் செலவுகளை வீட்டுச் சொந்தக்காரரும் ஏற்பதாகக் கொண்டால், ஓராண்டை மற்றோராண்டோடு சேர்த்து நோக்குமிடத்து, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஆண்டு வாடகையே அதுவாகும். இக்கருத்துரு இம்மண்ணில் முளைத்ததன்று. 1601ஆம் ஆண்டின் ஆங்கில வறியோர் நிவாரணச் சட்டத்தோடு வளர்ந்த கோயிற்பற்று வரியில் அது வேர் கொண்டது. 1836ஆம் ஆண்டின் கோயிற்பற்று மதிப்பீட்டுச் சட்டத்திலே திட்டவட்டமான வரைவிலக்கணம் பெற்றது. குடியேற்ற ஆட்சியோடு இலங்கைக்கு வந்து, 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றிய காலந்தொட்டு வளர்ந்த உள்ளூராட்சி அமைப்போடு இணைந்தது. 1949இல் மாநகர சபையான யாழ்ப்பாணமும் இம்மரபிற்கு உட்பட்டதே.

இவ்வரைவிலக்கணத்தின் உட்பொருள் மனங்கொள்ளத்தக்கது. தன் வீட்டிற் குடியிருப்பவருக்கு அது உறைவிடம், அதாவது பயன்பெறுமதி. சட்டமோ அவ்வீட்டைச் சந்தையில் விடப்பட்ட பண்டமாகக் கொண்டு, அதன் பரிவர்த்தனைப் பெறுமதியை நாடுகிறது. வாடகைக்கு எவரும் வராத வீட்டிற்கும் ஒரு வாடகைக்காரர் கற்பிக்கப்படுகிறார். வீட்டுக்காரரின் வருமானம், குடும்பச் சுமை, முதுமை, நோய் ஆகியவற்றுள் எதுவும் இக்கற்பனை மனிதரின் கண்ணுக்குப் புலப்படா. ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியரும் பெருவணிகரும் ஒத்த தன்மையுடைய இரு வீடுகளில் இருப்பாராயின், இருவருக்கும் பெறுமதி ஒன்றே. முதலாளித்துவச் சட்டத்தின் சமத்துவம் எத்தகையது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மேலும், வரித்தொகை இரு கூறுகளின் பெருக்கம் என்பதையும் மறத்தலாகாது. ஒன்று ஆண்டுப் பெறுமதி. மற்றையது சபை தீர்மானிக்கும் சதவீதம். ஆண்டுப் பெறுமதி 24,000 ரூபாவும் சதவீதம் 10உம் ஆயின், ஆண்டு வரி 2,400 ரூபா. மறுமதிப்பீட்டில் பெறுமதி 60,000 ரூபாவாக உயர, சதவீதம் மாறாதிருப்பின் வரி 6,000 ரூபாவாகும். சதவீதம் 4 ஆகக் குறைக்கப்படின் அது பழைய 2,400 ரூபாவாகவே நிற்கும். தனிமனிதரின் ஆட்சேபனை பெறுமதியை மாத்திரமே தீண்டவல்லது. சதவீதமோ சபையின் தீர்மானம். ஆகவே அது அரசியற் போராட்டத்தின் களம். இவ்விரண்டையும் குழப்பி ஒரே கடிதத்தில் முறையிடுவோர் இரண்டிலும் தோற்பர்.

இவ்விடத்து எழுத்தின் வகை பற்றிய வினா எழுகிறது. எமது சமூகத்தில் பெட்டிசம் எழுதும் மரபு நெடியது. தாழ்மையுடன் தொடங்கி, துன்பங்களை அடுக்கி, கருணையை இரந்து முடிவது அதன் அமைப்பு. நிலவுடைமைச் சமூகத்தின் ஆண்டான் அடிமை உறவினைக் குடியேற்ற ஆட்சியின் கந்தோருக்குக் கொண்டுசென்ற இலக்கிய வடிவம் அது எனலாம். சட்டம் வேண்டுவதோ ஆட்சேபனை. அது இரப்பு அன்று. உரிமையின் அடிப்படையிற் காரணங்காட்டி மறுத்தல். அறிவித்தல் கையளிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துள் அது எழுத்திற் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். குறித்த நாளில் விசாரணை நடைபெறும்; முடிவிலே திருப்தியுறாதவர் நீதிமன்றத்தை நாடலாம். ஆயின் எழுத்து மூல ஆட்சேபனையிற் கூறப்படாத காரணம் எதற்கும் நீதிமன்றத்திலே சான்று கொணர இடமில்லை. வறுமையை மாத்திரம் எழுதியவர் பின்னர் வாடகையைப் பற்றிப் பேச முடியாது. முதற் கடிதத்தின் நடையே வழக்கின் எல்லையை வகுத்துவிடுகிறது.

எனவே ஆட்சேபனை கற்பனை வாடகைக்காரரின் மொழியிலேயே எழுதப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடொன்றை எடுத்துக்கொள்வோம். கூட்டுக்குடும்பத்துக்கெனக் கட்டப்பட்ட அதன் பரப்பளவு பெரிது. ஆனால் வாகனம் நுழையாத ஒழுங்கையில், கூரை ஒழுகி, மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கும் அவ்வீட்டைச் சிறுகுடும்பம் ஒன்று என்ன வாடகைக்கு எடுக்கும்? பரப்பளவைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடின் பெறுமதி மிகும். போரிற் சிதைந்து அரைகுறையாகத் திருத்தப்பட்ட வீட்டிற்குச் சிதைந்த வீட்டின் வாடகையே பொருந்தும். அளவுப் பிழை, இடிக்கப்பட்ட கட்டடத்தையும் சேர்த்துக் கணித்தமை, குடியிருப்பை வணிக இடமாகக் கொண்டமை, மழைக்கால வெள்ளம் ஆகியன யாவும் தக்க காரணங்கள். அயலிலே ஒரு வீட்டை ஒரு நிறுவனம் ஓரிரு ஆண்டு உயர்ந்த வாடகைக்கு எடுத்ததெனின், ஓராண்டை மற்றோராண்டோடு சேர்த்து நோக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்காட்டலாம். சபையின் மதிப்பீட்டுப் புத்தகத்தைப் பார்வையிட்டு, அதே தெருவின் ஒத்த வீடுகளின் பெறுமதியோடு ஒப்பிடுதல் யாவற்றினும் வலிய சான்றாகும்.

எனினும் வீட்டுடைமையாளரின் குறை ஒவ்வொன்றும் முற்போக்கானது எனக் கொள்ளுதல் தவறு. 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய எங்கெல்ஸ், வாடகைக் குடியிருப்பாளர் - வீட்டுக்காரர் உறவினைத் தொழிலாளர் - முதலாளி உறவோடு ஒன்றாகக் காண்பதை மறுத்தார். அத்தெளிவு இங்கும் தேவை. சட்டத்தரணியையும் மதிப்பீட்டாளரையும் அமர்த்தவல்ல பெருவீட்டுக்காரர் தமது பெறுமதியைக் குறைத்துக்கொள்ளும்போது, வடிகாலுக்கான செலவு குறைவதில்லை. ஆட்சேபிக்க அறியாதவர் மீதே சுமை பெயர்கிறது. வரி நிலுவையாயின் அசையும் பொருள்களைக் கைப்பற்றவும், இறுதியில் ஆதனத்தையே விற்கவும் சபைக்கு அதிகாரமுண்டு என்பதை நோக்கின் இதன் பாரதூரம் விளங்கும்.

ஆதலின் ஆட்சேபனையைத் தனியாள் முயற்சியாக விட்டுவிடலாகாது. சனசமூக நிலையங்கள் ஒவ்வொரு தெருவின் பெறுமதிகளையும் மதிப்பீட்டுப் புத்தகத்திலிருந்து படியெடுத்து, வாசிகசாலையில் எல்லோரும் காண வைக்கலாம். சிறுவீட்டுக்கு மிகையாகவும் பெருவீட்டுக்குக் குறைவாகவும் மதிப்பிடப்பட்டிருப்பின் அது அப்போதே வெளிப்படும். அறிவித்தலை வாசித்து விளக்கவும், ஒரு மாதத்துள் ஆட்சேபனையை வரையவும் கற்றோர் உதவலாம். சதவீதத்தைப் பற்றிய கோரிக்கையைச் சபையின் முன் கூட்டாக வைக்கலாம். இரந்து எழுதும் பழக்கத்தினின்றும் விடுபட்டு, கணக்குக் கேட்டு எழுதும் பழக்கத்தை மக்கள் பெறுதல் ஒரு வரித்தொகையைக் குறைப்பதிலும் பெரிய பேறாகும்.