சுவாசத்தைக் கண்ணால் கண்டவர்கள்

மூச்சென்பது நுரையீரலோடு முடிந்துவிடும் காரியமென்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் இரத்தத்தின் வழியே சென்ற பிராணவாயு, உயிரணுவுக்குள் புகுந்து, உணவிலிருந்து பிரிந்துவரும் எலக்ட்ரான்களை ஏற்று நீராக மாறுமிடத்தில்தான் மெய்யான சுவாசம் நிகழ்கிறது. அந்த எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கொண்டுசேர்ப்பவை இரும்பும் செம்பும் தாங்கிய சில புரதங்களேயாம். உயிரணுவைச் சிதைக்காமல் அவற்றின் தொழிலைக் காண்பதற்கு ஒளியே துணையாயிற்று. ஏனெனில் இவை ஒளியில் குறிப்பிட்ட சில நிறங்களை விழுங்குவதால், ஊடுருவி வந்த ஒளியைப் பிரித்துப் பார்க்கையில் அந்நிறங்களின் இடத்தில் கரும்பட்டைகள் தோன்றுகின்றன.

இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் நகரத்து வைத்தியரான சார்லஸ் மக்மன், 1880களிலேயே பலவகைப் பிராணிகளின் தசைகளில் இப்பட்டைகளைக் கண்டு, அவை சுவாசத்துக்குரிய ஒரு நிறப்பொருளின் அடையாளமென்று எழுதினார். இரசாயன உலகில் பெரும் புகழ் பெற்றிருந்த ஜெர்மானியர் ஹோப்பே-சைலர் அதை மறுத்துரைக்கவே, அவருடைய சொல்லே பிரமாணமாகி, உண்மையைக் கண்டவர் 1911இல் அங்கீகாரமின்றியே மறைந்தார். விஞ்ஞான சரித்திரத்தில் இது எனக்கு மிகுந்த வேதனை தரும் ஓர் அத்தியாயம்.

கேம்பிரிட்ஜில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்துவந்த டேவிட் கெய்லின், குதிரையின் இரைப்பையில் புழுவாக வளரும் ஒருவகை ஈயின் ஹீமோகுளோபின், புழு ஈயாக மாறியபின் என்னவாகிறதென்று அறிய முயன்றபோது, ஈயின் தசையில் ஹீமோகுளோபினுக்கு உரியதல்லாத நான்கு பட்டைகளைக் கண்டார். அதே நான்கும் ஈஸ்ட்டிலும் தென்பட்டன! ஈஸ்ட் கலந்த நீரைக் காற்றோடு குலுக்கியதும் அவை மறைந்தன. சற்றே அசையாமல் விட்டதும் மீண்டும் தோன்றின. பிராணவாயு எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்வதையும், உயிரணு அவ்விழப்பை ஈடுசெய்வதையும் மனிதன் நேரே காண நேர்ந்த கணம் அது. சயனைடு சேர்த்தபின் எவ்வளவு குலுக்கியும் பட்டைகள் மறையவில்லை. அந்த நஞ்சு சுவாசத்தின் கடைசிப் படியைத் தடுப்பது அதனால் விளங்கிற்று. 1925இல் அவர் இப்பட்டைகளுக்குரிய நிறப்பொருளுக்குச் சைட்டோகுரோம் என்று பெயரிட்டார்.

பெர்லினில் ஓட்டோ வார்பர்க் வேறொரு வழியில் சென்றார். கார்பன் மோனாக்ஸைடு ஈஸ்ட்டின் சுவாசத்தை இருளில் தடுக்கிறது, ஒளி பட்டால் அத்தடை நீங்குகிறது என்றறிந்து, எந்த நிறம் எவ்வளவு நீக்குகிறதென அளந்து, பிராணவாயுவோடு கூடும் நொதியின் நிறமாலையையே வரைந்தார். அவர் 1931இல் நோபல் பரிசு பெற்றார்.

கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் எல்லையுண்டு. எலக்ட்ரான்களைக் கைமாற்றுவதில் பங்குகொள்ளும், இரும்பும் கந்தகமும் கூடிய புரதங்களின் மங்கிய நிறம் சைட்டோகுரோம்களின் அடர்நிறத்தில் மறைந்துவிடும். 1960இல் அமெரிக்காவில் ஹெல்முட் பைனெர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், இணைசேராத எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் நுண்ணலைகளை விழுங்கும் இயல்பைக்கொண்டு, அத்தகைய புரதங்களிலுள்ள, அதுவரை எவரும் அறியாத ஓர் இரும்பின் சாயலைக் கண்டனர்.

வார்பர்க் கண்ட ஒளிவிளைவு பிற்காலத்தில் ஒரு விசையாகவே பயன்பட்டது. 1963இல் கிப்ஸனும் கிரீன்வுட்டும், கார்பன் மோனாக்ஸைடு பற்றியிருந்த நொதியைப் பிராணவாயுவோடு கலந்து, மின்னலொளி ஒன்றால் அத்தடையை நீக்கி, அக்கணமே தொடங்கும் வினையைத் தொடர்ந்து அளந்தனர். ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடும் அவ்வினையின் இடைநிலைகளைப் பின்வந்தோர் இராமன் நிறமாலையால் ஆராய்ந்தபோது, பிராணவாயுவின் இரண்டு அணுக்களும் தொடக்கத்திலேயே பிரிந்துவிடுவதும், பாதி மாறிய நிலையில் உயிரணுவுக்குக் கேடு செய்யவல்ல அப்பிராணவாயுவை வெளியே நழுவவிடாமல் இரும்பும் செம்பும் தம்மிடையே பற்றிக்கொள்வதும் புலனாயின.