அலை கழுவித் தரும் அம்மோனைட்

இங்கிலாந்தின் தென்கரையில் சுமார் 150 கிலோமீட்டர் நீளும் ஜுராசிக் கடற்கரையில், புதைபடிவம் தேடுவோருக்கு மிக ஏற்ற இடம் சார்மவுத். 1823-இல் புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆனிங், பிளீசியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்த லைம் ரீஜிஸ் பக்கத்து ஊர்தான்.

குளிர்காலப் புயல் ஓய்ந்த பிறகு வேட்டை சூடுபிடிக்கும். மழையில் சரிந்த களிமண்ணை அலைகள் கரைத்துவிட, கூழாங்கற்களுக்கிடையே, சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரிகளான அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள் தலைகாட்டும். பைரைட் கனிமமாக மாறியவை பொன்னாய் மின்னும். சில, சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. ஆனாலும் சுருளின் ஒவ்வொரு வரியும் துல்லியமாகத் தெரியும்!

செங்குத்துப் பாறையைத் தட்டவே கூடாது, எந்நேரமும் சரியலாம். கரையில் கிடப்பதே ஏராளம்.

போகுமுன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பாருங்கள். நீர் வடியும்போது இறங்கி, ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.