கப்பலுக்கு முந்திய இரவு எங்கே தங்குவது?

“அம்மா, கப்பலைக் காணோமே!” என்றாள் என் மகள்.

கடந்த ஆண்டு பள்ளி விடுமுறை. பெலாபுஹான் கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் நான்கு பேர், ஐந்து பெட்டிகளுடன் இறங்கி நிற்கிறோம். படகுத்துறை இருக்கிறது. கெத்தாம் தீவுக்குப் போகும் படகுகள் இருக்கின்றன. தூரத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. மாடி மாடியாக நிற்க வேண்டிய எங்கள் சொகுசுக் கப்பலை மட்டும் காணவில்லை.

படகுத்துறையில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “குரூஸ் கப்பலா? அது இங்கே இல்லை. பூலாவ் இண்டாவுக்குப் போகணும்” என்றார். மணி 1.50. கப்பலில் பதிவு செய்யும் முகப்பு 3 மணிக்கு மூடிவிடும்.

அடுத்த ஐம்பது நிமிடங்களை நான் மறக்க மாட்டேன். பெட்டிகளோடு நால்வரும் ஏறக்கூடிய பெரிய கிரேப் வண்டி கிடைக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு கொள்கலன் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து பயணம். கணவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் வரைபடத்தைப் பார்க்கிறேன். மகள் அழத் தயாராக இருக்கிறாள்.

பதறாமல் இருந்தவர் 72 வயது அம்மா மட்டும்தான். ரயில் நிலையத்தில் நாங்கள் அங்குமிங்கும் ஓடியபோது அவர் ஓரமாக நின்று அந்தப் பாரந்தூக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இங்கதான்டி நாங்க வந்து எறங்கினோம். ராஜூலா கப்பல்ல” என்றார். “அப்புறம் பேசலாம்மா, வண்டியில ஏறுங்க” என்றேன் நான்.

முகப்பு மூட இருபது நிமிடங்கள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கப்பல் எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் அம்மா முழங்கால் வலியோடு அறையிலேயே படுத்திருந்தார். கப்பல் கரையை விட்டு விலகும் அழகை நாங்கள் மூவர் மட்டும்தான் மேல்தளத்தில் நின்று பார்த்தோம்.

எங்கே தவறினோம்?

நாங்கள் ஈப்போவாசிகள். முதல் நாள் இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு விடுதியில் தங்கினோம். விடுதியில் எந்தக் குறையும் இல்லை. கீழே இறங்கினால் ஜாலான் துன் சம்பந்தன், சுடச்சுடத் தோசை, மல்லிகைப்பூக் கடை. காலையில் நிதானமாகப் பசியாறி, கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டரில் ஏறி, அந்தத் தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கினால் துறைமுகம் என்று நான் போட்ட கணக்குதான் தவறு.

‘போர்ட் கிள்ளான்’ என்ற பெயர் ஒன்றே தவிர, இடம் ஒன்றல்ல. ரயில் போய் நிற்பது பழைய துறைமுகப் பகுதி. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய இடம் அதுதான். சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்பதோ பூலாவ் இண்டா தீவில், வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம் இருக்கும் பக்கம். இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். தீவுக்குப் பாலம் உண்டு, பயணிகள் ரயில் கிடையாது.

பெயரை நம்பி ஏமாறுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. சிங்கப்பூரிலும் ஒன்றுக்கு இரண்டு பயணிகள் முனையங்கள் இருக்கின்றன: ஹார்பர்ஃபிரண்டில் ஒன்று, மரினா பேயில் 2012-இல் திறக்கப்பட்ட இன்னொன்று. லிட்டில் இந்தியாவில் தங்குபவர்களுக்கு ஹார்பர்ஃபிரண்ட் ஒரே ரயிலில் போகும் இடம். மரினா பே என்றால் வண்டி மாற வேண்டும். எனவே விடுதியைத் தேடும் முன் கப்பல் டிக்கெட்டை எடுத்து, முனையத்தின் முழுப் பெயரையும் முகவரியையும் பாருங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதாது.

கடற்கரை விடுதி ஆசை

இந்த ஆண்டு மறுபடியும் கப்பல் பயணம் என்றதும் என் மகள் முதலில் கேட்டது, “கடல் பார்த்த மாதிரி ஹோட்டல் போடுங்கம்மா” என்பதுதான். பலருக்கும் இருக்கும் ஆசைதான் இது. கப்பல் புறப்படும் ஊர் கடலோர ஊர், எனவே அங்கே மணலும் அலையும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கிள்ளான் அப்படிப்பட்ட ஊர் அல்ல. ஆற்று முகத்துவாரமும் சேறும் அலையாத்திக் காடும் கொண்ட கரை அது. தீவுகள் மறைத்து நிற்பதால் அலை அடங்கிய நீர். கப்பல் கட்ட நல்லது, குளிக்க உதவாது. மணல் வேண்டுமென்றால் மோரிப் போக வேண்டும். விடுதிகள் நிறைந்த கடற்கரை வேண்டுமென்றால் நெகிரி செம்பிலானில் உள்ள போர்ட்டிக்சனுக்குத்தான் போக வேண்டும். கோலாலம்பூரிலிருந்தே அது சுமார் 90 கிலோமீட்டர். கப்பல் ஏறும் நாள் காலையில் அங்கிருந்து பூலாவ் இண்டாவுக்கு வருவதென்றால், நெடுஞ்சாலையில் ஒரு விபத்து போதும், எல்லாம் கெட்டுவிடும்.

மகளிடம் சொன்னேன்: “அடுத்த மூணு நாளும் சன்னலைத் திறந்தா கடல்தான். ஒரு ராத்திரி பொறுத்துக்க.”

அந்த ஒரு வாக்கியம்தான் இந்த முறை எங்கள் திட்டத்துக்கே அடிப்படையானது. முந்திய இரவு கப்பலுக்காக, பிந்திய இரவு நமக்காக. இரண்டுக்கும் ஒரே விடுதி பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முந்திய இரவு: கிள்ளானில்

இந்த முறை முதல் நாளே கிள்ளானுக்கு வந்துவிட்டோம். இங்கே ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. கிள்ளான் நகரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. பூலாவ் இண்டா போகும் வழி தெற்குப் பக்கம். வடகிள்ளானில் அறை எடுத்தால், காலை நெரிசலில் பாலத்தைக் கடந்து வர வேண்டும். ஜாலான் தெங்கு கிளானா, பண்டார் புக்கிட் திங்கி போன்ற தென்கிள்ளான் பகுதிகளில் தங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அங்கிருந்து முனையத்துக்கு, சாலை சீராக இருந்தால், ஏறக்குறைய அரை மணி நேரம். லாரி நெரிசலுக்காக இன்னொரு அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதியவர்கள் இருந்தால் தெங்கு கிளானா பகுதி வசதி. சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, துணிக்கடை எல்லாம் நடை தூரம். கிள்ளான் ரயில் நிலையமும் பக்கம். நூறாண்டைக் கடந்த ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்கும் அம்மாவை அழைத்துப் போக முடிந்தது. ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தச் சாலையில் வண்டி நகராது. அந்தச் சமயம் புக்கிட் திங்கி பக்கம் தங்குவதே நல்லது. பிள்ளைகளுக்குப் பேரங்காடி இருக்கும், சொந்த வண்டியில் வருவோருக்கு நிறுத்த இடமும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு செய்தி. கேஎல்ஐஏவில் இறங்கி நேராகக் கப்பலுக்குப் போகிறவர்கள் கோலாலம்பூருக்குள் வரவே வேண்டியதில்லை. எலைட் நெடுஞ்சாலை வழியாக வந்து, எஸ்கேவிஇ நெடுஞ்சாலையில் திரும்பினால் பூலாவ் இண்டாவுக்கே போய்விடலாம். ஆனால் விமானம் இறங்கும் நாளிலேயே கப்பல் ஏறத் திட்டமிட வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பிந்திய இரவு: பிரிக்பீல்ட்ஸில்

கப்பலிலிருந்து இறங்கும் நாள் எப்படி இருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முந்திய இரவே பெரிய பெட்டிகளை அடையாள அட்டை கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் சீக்கிரமே அறையைக் காலி செய்ய வேண்டும். பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டி தேடும் வரிசை, வண்டிக்கு வரிசை. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் இறங்குவதால் கிரேப் கட்டணமும் ஏறும். சென்ற முறை இத்தனையும் முடித்து, உட்கார்ந்த இடத்திலேயே அம்மா தூங்கிவிட்டார்.

அன்றே ஈப்போவுக்கோ பினாங்குக்கோ ஜொகூருக்கோ கிளம்புவது முடியாத காரியம் இல்லை. ஆனால் மூத்தவர்களோடும் குழந்தைகளோடும் வருபவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு மிச்சம். அந்த ஓய்வுக்குப் பிரிக்பீல்ட்ஸ் பொருத்தம். இடிஎஸ், கொமுட்டர், எல்ஆர்டி எல்லாம் கேஎல் சென்ட்ரலில் கூடுகின்றன. அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் விமான நிலையத்தின் முதல் முனையம் 28 நிமிடம்தான். நான்கு நாள் கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு, வாழையிலையில் சோறும் ரசமும் தரும் நிம்மதியைத் தனியாகச் சொல்ல வேண்டுமா!

சிக்கல் ஒன்று உண்டு. நாம் கப்பலிலிருந்து இறங்கி வருவது காலை 10, 11 மணிக்கு. விடுதி அறை கிடைப்பதோ பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. எனவே முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: பெட்டிகளை வைத்துப் போகலாமா, முன்னதாக அறை கிடைக்குமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு? நாங்கள் இந்த முறை அம்மாவுக்காக அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கொடுத்தோம். நான் வருத்தப்படாமல் செலவழித்த பணம் அதுதான்.

பணம் கட்டும் முன்

இரண்டு பயணங்களில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. விடுதிக்கும் முனையத்துக்கும் உள்ள தூரத்தை, நீங்கள் புறப்படும் அதே கிழமை, அதே நேரத்துக்கு வரைபடத்தில் பாருங்கள். ஞாயிறு இரவு காட்டும் நேரம் வெள்ளிக்கிழமை பகலுக்கு ஒத்து வராது.

2. மின்தூக்கி இருக்கிறதா, வாசலில் படி எத்தனை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள். படத்தில் இவை தெரியாது.

3. வெளிநாட்டு விருந்தினர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கட்ட வேண்டும். மலேசியர்களுக்கு அது இல்லை. உறவினர்களிடம் முன்பே சொல்லிவிட்டால் முகப்பில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

4. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கப்பல் நின்று போகும் நாடுகளுக்கு விசா தேவையா என்பதை ஒவ்வொருவரின் கடப்பிதழுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

5. காரில் வருபவர்கள், பயணம் முடியும்வரை வண்டியை எங்கே விடுவது என்பதை விடுதியிலும் முனையத்திலும் கேட்டு, எது மலிவு என்று ஒப்பிடுங்கள்.

6. குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைக்கு ஏற்ற விடுதியைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள்.

அம்மாவின் கப்பல்

கிள்ளானில் முதல் நாளே வந்து தங்கியதால் எங்களுக்கு ஒரு முழு மாலை மிச்சமானது. தஞ்சோங் ஹாராப்பானுக்குப் போய்ச் சூரியன் மறைவதையும் சரக்குக் கப்பல்கள் நகர்வதையும் பார்க்கலாம் என்பது என் திட்டம். மணல் இல்லாவிட்டாலும் மகளுக்குக் கடல் கிடைக்குமே!

அம்மா கேட்டார்: “போற வழியில அந்த ரயில் நிலையத்துக்கிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுவியா?”

போனோம். படகுத்துறைப் பக்கம் உட்கார்ந்தோம். போன ஆண்டு நான் கேட்க மறுத்த கதையை அம்மா அன்று சொன்னார்.

அம்மா பிறந்தது கிள்ளான் பக்கத் தோட்டம் ஒன்றில். பாட்டியோடு தமிழ்நாட்டுக்குப் போய்ச் சொந்தங்களைப் பார்த்துவிட்டு 1961-இல் திரும்பி வந்தபோது அவருக்கு வயது எட்டு. நாகப்பட்டினத்தில் கப்பலுக்காக மூன்று நாள் காத்திருந்தார்களாம், தூரத்து உறவினர் வீட்டுத் திண்ணையில். அங்கே கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். படகில் ஏறிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். “எங்கம்மா என்னைய இடுப்புலயும் மூட்டையத் தலையிலயும் வச்சுக்கிட்டு ஏறினாங்க” என்றார். 1926-இல் கட்டப்பட்ட ராஜூலா, 1970-களின் தொடக்கம்வரை நம் மக்களை இரு கரைக்கும் சுமந்த கப்பல். அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கைக் கடந்து, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியிருக்கிறார்கள்.

“எறங்கின அன்னிக்கு எங்க தங்கினீங்க பாட்டி?” என்று மகள் கேட்டாள்.

“தங்கறதா? லாரியில ஏத்தித் தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க. எங்கம்மாவுக்கு அப்பவே காய்ச்சல். மறுநாள் காலையில பால்மரம் வெட்டப் போனாங்க.”

அவருக்கும் முந்திய தலைமுறைக்கு அதுவும் இல்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கூலி முகாம்களில் காத்திருந்து, இங்கே வந்து இறங்கியதும் நோய் பரவாமல் இருக்கத் தனிமைப்படுத்தும் முகாமில் நாள் கணக்கில் அடைபட்டு, பிறகுதான் தோட்டம் போனார்கள். எங்கே தங்குவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அம்மா எழுந்தார். “போதும், வா. இருட்டறதுக்குள்ள கடலைப் பாப்போம்” என்றார்.

மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் கப்பலில் ஏறிவிட்டோம். கப்பல் கரையை விட்டு விலகியபோது மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் நின்றோம்.