சிறுவரும் வன்முறை வீடியோ விளையாட்டும்: விற்பனையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தல்

சிறுவர் கைக்கு எட்டலாகாதவை எவை என்பதனை அரசு சட்டத்தின் மூலம் வரையறுக்க முற்படுவது புதியதொன்றன்று. இலங்கையில் 1956ஆம் ஆண்டிலேயே அதற்கொரு முன்மாதிரி தோன்றிவிட்டது. அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், குற்றச்செயல்களையும் வன்செயல்களையும் கொடூரங்களையும் படக்கதைகளாக்கிச் சிறுவர் மனத்தைக் கெடுக்கவல்ல வெளியீடுகளின் பரம்பலைத் தடுக்க எழுந்ததாகும். அமெரிக்கத் திகிற் படக்கதைகளின் வரவுக்கு அஞ்சிப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1955இல் இயற்றிய சட்டத்தின் வழிவந்தது இது என்பது பெயரொற்றுமையாலேயே புலனாகும். கட்டுப்பாட்டுக்குரிய பொருள் அன்று தாளில் அச்சிடப்பட்டதாயிருந்தது. அச்சிடுவோர், இறக்குமதி செய்வோர், கடையில் விற்போர் ஆகிய மூவரும் சட்டத்தின் கைக்கு அகப்படக்கூடியவராயிருந்தனர். இன்று அதே அச்சம் பப்ஜி, பிறீ பயர் முதலிய துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுக்களை நோக்கித் திரும்பியுள்ளது. இத்தகைய விளையாட்டுக்கள் சிறுவர்க்கு விற்கப்படுவதைச் சட்டம் எவ்வளவு தூரம் தடுக்க இயலும் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இவ்விடயத்தில் மிக விரிவாக வாதிக்கப்பட்ட வழக்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது. கலிபோர்ணியா மாநிலம் 2005இல் நிறைவேற்றிய சட்டம், மனித உருவங்களைக் கொல்லுதல், உறுப்புக்களைச் சிதைத்தல் முதலியவற்றை ஆடுவோன் செய்யத்தக்க செயல்களாக அமைத்த விளையாட்டுக்களை 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் தடைசெய்தது. மீறுவோர்க்கு 1,000 டொலர் வரை தண்டமும் விதித்தது. அதற்கு ஒப்பமிட்ட ஆளுநர் ஆர்னல்ட் சுவார்செனேகர் திரையிலே துப்பாக்கி ஏந்திப் புகழீட்டியவர் என்பது சுவையானதொரு முரண். நடைமுறைக்கு வருமுன்னரே அச்சட்டம் நீதிமன்றத் தடைக்குள்ளாயிற்று. 2011 யூன் 27ஆந் திகதி, நீதியரசர் ஒன்பதின்மருள் எழுவரின் முடிவால் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுபடியற்றதாக்கியது.

தீர்ப்பை எழுதிய நீதியரசர் அன்ரனின் ஸ்கலியா, நூலுக்கும் நாடகத்துக்கும் உரிய பேச்சுச் சுதந்திரம் விளையாட்டுக்கும் உரியதென்றார். சிறுவர்க்கெனக் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கிறிம் சகோதரர் கதைகளிலும் கொடுமைக்குக் குறைவில்லை என எடுத்துக்காட்டினார். அரசு சமர்ப்பித்த ஆய்வுகள் விளையாட்டுக்கும் வன்போக்குக்கும் ஏதோவொரு தொடர்பைக் காட்டினவேயன்றிக் காரணகாரிய உறவை நிறுவவில்லை என்பதும் தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. மாறுபட்ட நீதியரசர் ஸ்டீபன் பிறேயர் எழுப்பிய வினாவும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆடையற்ற பெண்ணின் படத்தை 13 வயதுச் சிறுவனுக்கு விற்கலாகாதெனின், பெண்ணொருத்தியைக் கட்டிவைத்து வதைக்கும் விளையாட்டை மட்டும் அவனுக்கு விற்கலாமென்பது எவ்வாறு பொருந்தும்?

ஸ்கலியாவின் வாதத்தை எமது பிரதேசத்தில் வைத்து நோக்குதல் பயனுடையது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்துக்கள் களரியேறும்போது சிறுவர் விடிய விடிய விழித்திருந்து பாரதப் போரைக் கண்டனர். அம்பும் கொலையும் அங்கும் உள. ஆயின் கூத்திலே மடிந்தவனுக்காகத் தாயோ மனைவியோ வந்து புலம்புவாள்; ஊர் அதற்குச் செவிசாய்க்கும். விளையாட்டில் மடிந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருகின்றான், அழுவாரில்லை. எவ்வளவு குருதி காட்டப்படுகின்றது என்பதைக் காட்டிலும், அதன் பின்விளைவு காட்டப்படுகின்றதா என்பதே அளவுகோலாதல் வேண்டுமென்பது எமது கருத்து. 2009 வரை நீடித்த போரிலே மெய்யான துப்பாக்கியோசையைக் கேட்டு வாழ்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று செங்கலடியில் இவற்றை ஆடுகின்றனர். விறாந்தையிலிருந்து எழும் அவ்வோசை மூத்தோர் செவியில் என்ன பொருள் தருமென்பதை எந்த வயதுக்குறியும் கூறாது.

பிற நாடுகளின் வழிகள் பலவாறானவை. ஜேர்மனி 2003 முதலும் பிரித்தானியா 2012 முதலும் வயதுக்குறிக்குச் சட்டவலு அளித்தன. சீனா 2021இல், 18 வயதுக்குட்பட்டோர் இணையவழி விளையாட்டுக்களை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாமென விதித்தது. தென்கொரியா 2011இல் கொண்டுவந்த நள்ளிரவுத் தடையை 2022இல் கைவிட்டது. இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியைத் தடைசெய்ததற்கு நாட்டின் இறைமையும் தரவுப் பாதுகாப்புமே காரணங்களாகக் கூறப்பட்டன. சிறுவர் நலன் அன்று.

கடைக்காரரைப் பொறுப்பாளியாக்கும் முறை எமக்கும் பழக்கமானதே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருளையோ மதுவையோ விற்றல் குற்றமாகும். ஆயினும் பெட்டிக்கடையிற் சிகரெட் கைமாறுவதுபோல இவ்விளையாட்டுக்கள் கைமாறுவதில்லை. அவை விலையின்றியே கைத்தொலைபேசியில் இறங்குகின்றன. கூகிளின் களஞ்சியத்தில் அவற்றுக்கு வயதுக்குறி உண்டு. தயாரிப்பாளர் தாமே வினாக்கொத்தொன்றை நிரப்பிப் பெறும் குறி அது. விற்பனை நிகழ்வது அதன் பின்னரே. வீரனுக்கு உடை, துப்பாக்கிக்குப் புதுத்தோற்றம், உள்ளிருப்பது இன்னதென அறியாமல் வாங்கும் பெட்டி என்பன காசுக்குரியவை. இத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டச் சட்டத்துள் அடக்கியது. கடையில் ரீலோட் செய்த பணமும் இவற்றுக்குச் செலவாகக்கூடும். ஆதலின் சட்டம் தலையிடத்தக்க இடம் தரவிறக்கமன்று, பணம் செலுத்தும் இடமே எனலாம்.

அங்கும் தடையொன்றுண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடத்துக்கென வாங்கப்பட்ட தொலைபேசிகள் பல இன்னும் பிள்ளைகளின் கைகளிலேயே உள்ளன. இப்பிரதேசத்துத் தாய்மார் பலர் மத்திய கிழக்கில் பணிபுரிகின்றனர். பிள்ளைகள் அம்மம்மாவின் பராமரிப்பில் வளர்கின்றனர். தொலைபேசி இலக்கமோ தாயின் பெயரிற் பதிவாகியுள்ளது. வாங்குபவர் வயதுவந்தவரென்றே கணக்கிற் காணப்படும். பெற்றோர் சம்மதம் கோரும் வினா திரையிலே தோன்றும்போது, அதற்கு ஆமென்று தொடுவதும் அச்சிறுவனின் விரலே.