அபராதம் கட்டியபின் மிஞ்சும் இழப்பு

குற்றத்தை அரசின் சட்டத்தை மீறிய செயலாக மட்டும் பாராமல், ஒரு மனிதருக்கும் அவர் வாழும் ஊருக்கும் நேர்ந்த தீங்காகப் பார்த்து, தீங்கிழைத்தவர் அதைத் தம் வாயால் ஒப்புக்கொண்டு ஈடுசெய்ய வழிவகுக்கும் முறையே மறுசீரமைப்பு நீதி எனப்படுகிறது. வழக்கமான குற்றவியல் நடைமுறையில் எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்ற கேள்விகளே முன்நிற்பதால், பாதிக்கப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்குவதோடு வெளியேறிவிடுகிறார். இம்முறையிலோ யாருக்கு என்ன இழப்பு, அதை யார் எப்படிச் சரிசெய்வது என்பதிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. 1974-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள எல்மைரா என்ற சிற்றூரில் 22 இடங்களில் சேதம் விளைவித்த இரண்டு இளைஞர்களை, பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே அனுப்பிப் பேசவைக்கலாம் என்று யோசனை சொன்னவர் மார்க் யான்ட்சி என்னும் நன்னடத்தை அலுவலர், அதாவது சிறைக்கு அனுப்பப்படாமல் கண்காணிப்பில் விடப்பட்டவர்களுக்குப் பொறுப்பான பணியாளர். இத்துறையின் நவீன வரலாற்றைப் பெரும்பாலோர் அந்நிகழ்விலிருந்தே தொடங்குகின்றனர்.

இழப்பை யார் சரிசெய்வது என்ற கேள்வி தூத்துக்குடிப் பகுதியில் மிகத் தெளிவாக எழுவது கடலில்தான். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரையிலான ஊர்களின் நாட்டுப்படகு மீனவர்கள் கரையை ஒட்டிய நீரில் வலை பாய்ச்சுகின்றனர். விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால்தான் இழுவைமடி போடவேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதி. எல்லை மீறி வரும் இழுவைமடி இரவில் விரித்திருந்த வலையை வாரிச் செல்லும்போது, வலையும் மிதவையும் கயிறும் போவதோடு, புது வலை கட்டி முடிக்கும்வரை தொழிலுக்குப் போக முடியாத நாட்களும், அப்படகில் பங்குக்குப் போகும் மற்ற ஆட்களின் வீட்டுச் செலவும் இழப்பில் சேர்கின்றன. விதிமீறலுக்கான அபராதம் அரசுக் கணக்கில் சேர்ந்ததும் கோப்பு முடிந்துவிடுகிறது. வலை இழந்தவரின் கணக்கு அப்படியே நிற்கிறது.

அந்தக் கணக்கைத் தீர்க்கும் முயற்சி இக்கரைக்குப் புதியதன்று. முத்துக்குளிப்புக் காலங்களில் பரதவர் என்ற மீனவச் சமூகத்தின் சாதித்தலைவரும், ஊர்தோறும் இருந்த பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த்தலைவர்களும் செய்துவந்த வழக்குத் தீர்ப்பை இன்று ஊர்க்கமிட்டிகளும் பங்குத்தந்தையரும் மீனவர் சங்கங்களும் தம் அளவில் செய்கின்றனர். கடலின் நிலையும் வலையின் விலையும் அறிந்தவர்கள் கூடிப் பேசும் இந்தச் சபைகளின் அறிவு மதிப்புமிக்கது என்றாலும், வலியவர் சொல்லே தீர்ப்பாகும்போதும், ஊர்விலக்கு என்ற அச்சம் பேசுபவரின் நாவைக் கட்டும்போதும், இழப்பின் பாதியைச் சுமக்கும் பெண்களுக்குப் பேச இடமில்லாதபோதும் அவை கட்டப்பஞ்சாயத்தாகவே மாறிவிடுகின்றன. சாதிமறுப்புத் திருமணம் செய்தவர்களைத் தண்டிக்கும் கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. இருதரப்பின் கட்டாயமற்ற சம்மதம், பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு, விரும்பினால் எழுந்து நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை ஆகிய மூன்றும் இல்லாத எந்தப் பேச்சுவார்த்தையையும் மறுசீரமைப்பு நீதி என்று அழைக்கக் கூடாது.

சட்டம் இத்திசையில் மெல்ல நகர்ந்து வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், சமூக சேவையை முதன்முறையாகப் பொதுத் தண்டனை வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடியதற்காக முதன்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சமூக சேவையே தண்டனை என்கிறது அதன் 303-ஆவது பிரிவு. 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டமோ, ஒரு வட்டாரத்தின் அமைதியைப் பாதிக்கும் தகராறுகளை, இருதரப்பும் முன்கூட்டியே சம்மதித்தால், மூவர் கொண்ட குழு பேசித் தீர்க்கும் சமூக சமரசத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. அவ்வாறு எட்டப்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்றவைக்க முடியாது என்பதால், அது நிலைப்பது பேசவைத்தவரின் திறமையையும் நேர்மையையும் பெரிதும் பொறுத்தது.

மறுசீரமைப்பு நீதிக்கு எல்லையும் உண்டு. 2018 மே 22, 23 ஆகிய நாட்களில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தை ஒட்டிய காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை இழந்த தூத்துக்குடி நகரத்தில், உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு நிதியும் அரசு வேலையும் வழங்கப்பட்டன. அதை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அரசின் ஆயுதமே தீங்கிழைத்த இடத்தில், வழக்கு விசாரணைக்கு மாற்றாகச் சமரசத்தை முன்வைப்பது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும். நிவாரணத் தொகை தேவைதான் என்றாலும், சுட்டது ஏன், ஆணையிட்டது யார் என்ற கேள்விகளுக்குப் பொறுப்பானவர்கள் நேர்நின்று பதில் சொல்லும்வரை எந்தச் சீரமைப்பும் தொடங்குவதில்லை.

இத்துறையில் பணியாற்ற விரும்பும் இளைஞர்களுக்கான இடங்கள் வெவ்வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி இயங்கும் நன்னடத்தை அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர், 40 மணி நேரப் பயிற்சி பெற்று நீதிமன்றச் சமரச மையங்களில் அமரும் சமரசர் ஆகியோரின் பணிகள் அவற்றுள் சில. இவர்களுள் சட்டப் பணிகள் தன்னார்வலருக்குக் கிடைப்பது மாதச் சம்பளமன்று, மதிப்பூதியம்தான் என்பதால், அப்பணியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தூத்துக்குடிக் கல்லூரிகள் பல இணைந்துள்ள திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்குத் தனித் துறையே இருப்பதால், படிப்புக்காக இப்பகுதி மாணவர்கள் தொலைதூரம் போகவேண்டியதில்லை.

உடனடியாக மாற்றம் கொண்டுவரக்கூடிய இடம் சிறார் நீதிதான். 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி, சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர் பிடிபட்டால், அவருடைய கடந்தகாலம், குடும்பச் சூழல், உதவக்கூடிய பிற முக்கியச் செய்திகள் அடங்கிய சமூக விசாரணை அறிக்கையை நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் தயாரித்துச் சிறார் நீதிக் குழுமத்திடம் அளிக்கவேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் படகு இயந்திரத்தின் உதிரிபாகத்தைத் திருடிய சிறுவனின் வீட்டுக்குச் செல்லும் அலுவலர், படகுக்காரரின் சம்மதம் கேட்டு அவர் வீட்டுக்கும் சென்று, எத்தனை நாள் தொழில் நின்றது, அச்சிறுவனிடம் அவர் கேட்க விரும்புவது என்ன என்பதையும் எழுதிச் சேர்ப்பதற்கு அச்சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.