மாட்டின் குளம்பும் சத்துத் தூள்களும்

நொண்டும் பசு நன்கு மேயாது; பாலுங் குறையும். ஆகவே, குளம்பை வலுப்படுத்தச் சத்துத் தூள் வாங்கலாமா எனக் கமக்காரர் பலர் வினவுகின்றனர்.

மாட்டின் குளம்பு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றரே வளரும். மேலோரத்தில் உண்டாகும் புதிய பகுதி முன்புறத்தில் நிலத்தைத் தொட ஓராண்டுக்கு மேற் செல்லும். எனவே, எச்சத்தும் இனி வளரும் பகுதியையே திருத்தும். வெடித்த பகுதியை ஒட்டாது.

பயோற்றின் என்னும் உயிர்ச்சத்தை மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. எனினும், மிகுதியாகப் பால் கறக்கும் பசுக்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் பல மாதங்கள் ஊட்டிய ஆராய்ச்சிகளிற் பயன் காணப்பட்டது. வைக்கோலையே உண்ணும் மாட்டுக்கோ முதலில் வேண்டியவை பச்சைப்புல், கிளிசரியா இலை, பிண்ணாக்கு, நாகமுஞ் செம்பும் அடங்கிய தாதுக்கலவை ஆகியனவாம்.

ஈரச் சாணத்தில் நிற்கும் மாட்டின் குளம்பை எத்தூளுங் காவாது. தொழுவத்தை உலர்வாக வைத்திருங்கள். குளம்பைக் கழுவி, இடுக்கிற் கல்லோ புண்ணோ உண்டாவெனப் பாருங்கள். மிகையாக வளர்ந்த குளம்பைப் பழகியவரைக் கொண்டு சீவுவியுங்கள்.

நொண்டலுடன் வாயிற் கொப்புளமும் உமிழ்நீர் வடிதலுங் காணின் அது கால் வாய் நோயாகலாம். அம்மாட்டைப் பிரித்துக் கட்டி, அரசாங்க மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள்.